பிள்ளைப்பாடு

தோப்புக்குப்பத்துப் பச்சையம்மாவுக்கு அந்தக் கார்த்திகையில் எட்டு மாதம். கீழ் ஈறில் இரண்டு பல். தடுப்பூசி போட வந்த நர்ஸ் பெனிட்டா பெயரைக் கேட்டுவிட்டு, கொள்ளுப்பாட்டி பேரா என்று சிரித்தாள். குழந்தையின் அம்மா செவ்வந்திக்கு முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று பச்சையம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாள். தங்கியது, வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நாகரிகமாக வேறு பெயர் பார்க்கலாமே என்று புருஷன் மாரி சொன்னதற்கு, சாமிக்கு ஒன்று சர்க்காருக்கு ஒன்று என்று பெயர் வைக்க நான் என்ன கள்ளக் கணக்கா எழுதுகிறேன் என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள். இப்போது ஊருக்கே அந்தப் பெயர் பழகிவிட்டது.

குப்பம் பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் வடக்கே. கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவே சவுக்குத் தோப்பை ஒட்டி எண்பது வீடுகள். ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட வலைக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் ஒரு பாதியில் ஆண்கள் உட்கார்ந்து வலையின் கிழிசல் பார்ப்பார்கள். மறு பாதியில், இரண்டு வருடமாக, ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அது கீதா செய்த ஏற்பாடு. கீதா, செவ்வந்தி, செசிலியா, லோகநாயகி, லோகநாயகியின் நாத்தனார் ஆக ஐந்து பேர் பழவேற்காட்டு மீன் இறங்கும் இடத்தில் இறாலும் நண்டும் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கௌஸ் மைதீனின் ஷேர் ஆட்டோவில் ஏறினால் திரும்ப மதியம் இரண்டாகும். பால்வாடி பத்து மணிக்குத்தான் திறக்கும், அதுவும் அடுத்த குப்பத்தில். ஆளில்லாத ஒரு காலை வேளையில் கீதாவின் சின்ன மகன் ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துத் தூக்கி வந்தார்கள். அன்று மதியமே கீதா மற்ற நால்வரையும் கூட்டி வைத்துச் சட்டம் போட்டாள். நாளுக்கு ஒருத்தி வேலைக்குப் போகாமல் கொட்டகையில் இருந்து ஏழு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நால்வர் போகலாம். முறை சுற்றி வரும்.

முறைக்கான சட்டத்தை அவள் எங்கும் போய்த் தேடவில்லை. ஏரியில் ஆண்களுக்கு இருக்கிற முறைச் சட்டம்தான். இறால் ஓடுகிற இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. எனவே இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாட்டு நாளில் வலை கட்டாதவன் பாட்டை இழந்தான். அடுத்த சுற்றுவரை கரையில் உட்கார்ந்து பீடி குடிக்கலாம். கீதா அதையே எடுத்து வைத்தாள். முறை நாளில் கொட்டகைக்கு வராதவளின் பிள்ளைகளுக்கு அடுத்த சுற்று முழுக்கக் கொட்டகையில் இடமில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் அதே கதிதான். இது கடுமை என்று செசிலியா முனகியபோது, ஏரிக்கு ஒரு நியாயம், கொட்டகைக்கு ஒரு நியாயமா என்று கீதா கேட்டாள். ஆண்கள் கேலிக்குப் பிள்ளைப்பாடு என்று பெயர் வைத்தார்கள். பெண்கள் அந்தக் கேலியையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

லோகநாயகிக்கு ஒரே பிள்ளை, தீனா. மூன்று வயது. அவனுக்குக் கொட்டகையில் மற்ற ஐந்து பிள்ளைகளும் ஒரு பொருட்டில்லை, பச்சையம்மா மட்டும்தான். வந்ததும் தூளிக்குள் தலையை விட்டு, அவள் மூக்கோடு மூக்கை வைத்து அழுத்துவான். அவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். இவன் மறுபடி அழுத்துவான். இது ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தீனாவுக்கு உடம்பு சுட்டது. வாடைக்காற்று தொடங்கி, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். மூக்கு ஒழுகியது, இருமல் காய்ந்த ஓலை மாதிரி சத்தம் போட்டது. லோகநாயகி நண்டை இடித்து, மிளகு தூக்கலாகப் போட்டு ரசம் வைத்தாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் செவ்வாய், அவளுடைய முறை. போன மாதம் மாமியாரை மீஞ்சூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில் ஒரு முறை தவறி, ஒரு சுற்று முழுக்கத் தீனாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறால் பிரித்தவள் அவள். ஐஸ் தண்ணீரில் நனைந்து அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் அவள் காதில் இருந்தது. இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது. அவள் வராவிட்டால் மற்ற நால்வரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும். அது வேறு.

புருஷன் ஜெகதீஸ்வரனிடம் கேட்டாள். சளி எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே என்றான் அவன். அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. விடியற்காலை நாலரைக்குப் பாட்டிலில் இருந்த ஜுர மருந்தை ஒரு மூடி ஊற்றினாள். ஆரஞ்சு வாசனை அடிக்கும் மருந்து. அரை மணியில் வேர்த்து, உடம்பு குளிர்ந்தது. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கோடியில் தனியாகப் பாய் போட்டு அவனை உட்கார வைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் அவள் கஞ்சிப் பானையை இறக்கிவைத்துத் திரும்புவதற்குள் அவன் தூளிக்குள் தலையை விட்டிருந்தான். கெக்கெக்கே என்று சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தவள், அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் தீனா தேறி, கொட்டகைத் தூணில் ஏறிக்கொண்டிருந்தான். இப்போது செசிலியாவின் இரண்டு பிள்ளைகளும் இருமினார்கள். மழைக்காலத்தில் இருமாத பிள்ளை எது என்று யாரும் அதைப் பேச்சாகவே எடுக்கவில்லை. லோகநாயகி மட்டும் இருமலைக் கேட்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவள் முறை. ஞாயிறு என்றால் பழவேற்காட்டில் மீன் வாங்க வருகிற கூட்டம் கொள்ளாது, மற்ற நால்வரும் சீக்கிரமே கிளம்பியாக வேண்டும். ஜெகதீஸ்வரன் பாட்டுக்குப் போயிருந்தான். மாரி கடலில். ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, செவ்வந்தி பிள்ளையைக் கொண்டுவந்து லோகநாயகி கையில் கொடுத்தாள்.

"ரெண்டு நாளா இருமல்டி. ஜொரம் கிரம் ஒண்ணும் இல்ல, தொட்டுப் பாரு" என்றாள்.

லோகநாயகி தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. குழந்தையின் வாயோரத்தில் ஆரஞ்சு வாசனை அடித்தது. லோகநாயகி செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தாள், செவ்வந்தி ஆட்டோவைப் பார்த்தாள். எதுவும் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று லோகநாயகிக்குத் தெரியும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, போய் வா என்றாள்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது. கொசுவுக்காகத் தேங்காய் நார் மூட்டம் போட்டாள். பிள்ளைகளுக்குக் கஞ்சியும் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொடுத்தாள். மறு பாதியில் தருமலிங்கம் மட்டும் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளைகள் தன் நூல்கண்டை உருட்டுகின்றன என்று இரண்டு வருடமாக ஊர்க்கூட்டத்தில் புகார் சொல்லிவருகிறவர். அன்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பச்சையம்மா ராகிக் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சிணுங்கினாள், பிறகு அடங்கினாள். தூங்குகிறாள் என்று லோகநாயகிக்கு நிம்மதியாகவே இருந்தது. எட்டரை மணிக்குத் தீனா தூளிக்குள் தலையை விட்டு மூக்கை அழுத்தினான். சிரிப்புச் சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினான். பிறகு அம்மாவிடம் வந்து, பாப்பா விளையாட வரமாட்டேன் என்கிறாள் என்று புகார் சொன்னான்.

அவள் போய்ப் பார்த்தபோது குழந்தை தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து மூடியது. மருந்தின் குளிர்ச்சி போய் உடம்பு கொதித்தது. லோகநாயகி தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பெனிட்டாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, எடுப்பாளோ மாட்டாளோ என்று இருந்தது. எடுத்தாள். பின்னால் சர்ச் பாட்டு கேட்டது.

"நர்ஸம்மா, தோப்புக்குப்பம் லோகநாயகி பேசறேன். செவ்வந்தி கொயந்தைக்கு மூச்சு ஒரு மாதிரியா கீது."

"பால் குடிக்குதா?"

"காலைல இருந்து எதுக்கும் வாயத் தொறக்கல."

"பக்கத்துல பொகை ஏதாச்சும் போட்டிருக்கீங்களா? மொதல்ல அதை அணைங்க. சட்டையத் தூக்கி, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ பாருங்க. மூச்சு இழுக்கும்போது அந்த எடம் உள்ள போவுதா?"

லோகநாயகி ஒரு சொம்பு தண்ணீரை மூட்டத்தில் கவிழ்த்தாள். சட்டையைத் தூக்கினாள். விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பள்ளம் விழுந்தது.

"போவுது நர்ஸம்மா."

"அழாமத்தான இருக்கு? ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க. போன்ல மணியப் பாத்து எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

எண்ணுவது அவளுக்குப் புதிதில்லை. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று கை பார்த்த மாத்திரத்தில் சொல்லி முப்பது, நாற்பது, ஐம்பது என்று தட்டு பிரிக்கிறவள். சுற்றி எத்தனை பேர் கத்தினாலும் அவள் எண்ணிக்கை தவறாது என்று அவளைத்தான் பெரிய இறால் பக்கம் உட்கார வைப்பார்கள். இப்போதும் தவறவில்லை. வயிறு எழும்ப எழும்ப எண்ணினாள். ஐம்பதைத் தாண்டியபோது போனில் இன்னும் பதினைந்து நொடி பாக்கி இருந்தது. தப்பாக எண்ணியிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டாள்.

"அறுவத்தெட்டு" என்றாள்.

"அம்மா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. இப்பவே பழவேற்காடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் போன் பண்ணி ஆக்சிஜன் எடுத்து வெக்கச் சொல்றேன். தலையத் தூக்கின மாதிரி தோள்ல சாச்சி வெச்சிக்குங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க."

கௌஸ் மைதீனுக்குப் போன் போட்டாள். சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டுக் கால் மணியில் வருகிறேன் என்றார். பிறகுதான் அவள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு பிள்ளைகள். பத்தடியில் ஏரி, மழையில் கரைவரை ஏறியிருந்தது. பாட்டை விட்டுவிட்டுப் போனவளின் கதி என்ன என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அதை நினைத்த தன் புத்தியை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மாமா, இதுங்களப் பாத்துக்கோ" என்றாள் தருமலிங்கத்திடம்.

"நானா?"

"வேற யாரு கீறாங்க?"

தருமலிங்கம் அவள் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். வலையை விரலிலிருந்து கழற்றினார். பிறகு அவர் செய்ததை ஊர் பல நாள் பேசியது. இரண்டு வருடமாக யாரையும் தொடவிடாத நூல்கண்டை எடுத்து, ஆறு பிள்ளைகளின் இடுப்பிலும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டு, வலையில் மிதவை கட்டுவது போல வரிசையாக ஒரே நூலில் கோத்து, நூலின் முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். மதியம் இரண்டுவரை எழுந்திருக்கவில்லை. ஒண்ணுக்குப் போகிற பிள்ளையோடு மற்ற ஐந்தும் அவரும் சேர்ந்து போய் வந்தார்களாம்.

பழவேற்காட்டில் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, பொன்னேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கௌஸ் மைதீன் இதற்குள் மீன் இறங்குகிற இடத்துக்கு ஓடி செவ்வந்தியைக் கூட்டிவந்தார். அவள் கையெல்லாம் இறால் தோலும் ஐஸ் ஈரமும். ஆம்புலன்ஸில் பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழைக்குள் வண்டி போனது. லோகநாயகி எண்ணிக்கொண்டே வந்தாள். அறுபத்தாறு. அறுபத்தேழு. அறுபத்தைந்து.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு நிறைந்திருந்தது. எல்லாக் கட்டிலிலும் இருமல்தான். பார்த்த டாக்டர் சின்னப் பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கையில் ஊசி ஏற்றினார், நுரையீரலில் சளி இறங்கியிருக்கிறது என்றார். பிறகு செவ்வந்தியிடம் கேட்டார்.

"வீட்லயோ பக்கத்துலயோ யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்துதா? ஃப்ளூ சீசன்மா இது. அதுக்குத் தனி மருந்து இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது. யோசிச்சு சொல்லுங்க."

"இல்லீங்க டாக்டர். யாருக்கும் இல்ல" என்றாள் செவ்வந்தி.

லோகநாயகி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏழு பிள்ளைகள் உருள்கிற இடத்தில் எது யாரிடமிருந்து வந்தது என்று எவள் கண்டாள். ஆனால் டாக்டர் எழுதப்போன பேனாவைப் பிடித்தபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சிம்மா" என்றாள். "எம் புள்ளைக்கு. திங்கக்கெயம சாய்ந்தரம் நல்ல ஜொரம். செவ்வாய்க்கெயம காலைல மருந்து குடுத்து, ஜொரத்த அடக்கி, கொட்டாய்க்கு இட்டாந்துட்டேன். இவகூட மூக்கோட மூக்கு வெச்சி வெளையாடினான். நான் பாத்துகினுதான் இருந்தேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கிழமையைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பரிசோதனைக்கு எடுக்கச் சொன்னார், முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை இப்போதே ஆரம்பிக்கச் சொன்னார். மற்ற பிள்ளைகளில் யாருக்காவது மூச்சு வேகமாக இருந்தால் உடனே கொண்டுவர வேண்டும், காய்ச்சல் இருக்கிற பிள்ளை எதையும் சேர்த்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செவ்வந்தி எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கீதாக்காவுக்கு பயந்துதான குடுத்த?"

"ஆமா."

"இன்னிக்கு நானும் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"தெரியும். வாசன வந்துச்சி."

"தெரிஞ்சும் வாங்கிக்கின."

"இன்னா சொல்லுவேன் செவ்வந்தி? நான் செஞ்சதையே நீ செஞ்சிருந்த."

செவ்வந்தி பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "ரெண்டு போச்சி எனக்கு. இது மூணாவது. அத்த நெனச்சாச்சும் அவன அந்தாண்ட இயுத்து வெச்சிருக்கலாம் நீ."

"அவ சிரிச்சா. தடுக்க மனசு வல்ல."

"போ" என்றாள் செவ்வந்தி. குரல் உயரவில்லை. "ஊட்டுக்குப் போ. அங்க புள்ளைங்க கெடக்குதுங்க."

லோகநாயகி பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை. தன் பிள்ளை பிழைத்து எழுந்துவிட்டான், அடுத்தவள் பிள்ளை மூக்கில் குழாயோடு கிடக்கிறாள் என்ற ஒரு நினைப்பே வழி முழுக்க அவளோடு வந்தது. அழுதால் கொஞ்சம் குறையுமோ என்று பார்த்தாள். அழுகையும் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை கொட்டகையில் செவ்வந்தி தவிர மற்ற நான்கு பெண்களும் கூடினார்கள். நடந்ததை லோகநாயகியே முழுதும் சொன்னாள். கீதா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் சட்டம் போட்டவளுக்குச் சட்டத்தை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது சரிதான், அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பாட்டை விட்டது விட்டதுதான், ஒருத்திக்குத் தளர்த்தினால் நாளைக்கு எல்லாருக்கும் ஒரு காரணம் வரும், ஆகவே இந்தச் சுற்று தீனாவுக்கு இடமில்லை என்றாள். லோகநாயகி சரி என்றாள். அவளுக்கு அது தண்டனையாகவே படவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

மறு பாதியிலிருந்து தருமலிங்கம் தலை நிமிராமல் கேட்டார்.

"இது எந்த ஊரு பாடு?"

"நம்ம ஏரிப் பாடுதான்" என்றாள் கீதா.

"ஏரிப் பாட்டுல இப்டி இல்லியே. ஊட்டுல நோவுன்னா, சாவுன்னா, பொண்டாட்டிக்குப் பிரசவம்னா, முன்கூட்டி வந்து ஒரு வார்த்த சொல்லணும். சொல்ல நேரமில்லாத ஆபத்துன்னா பொறவு வந்து சொல்லலாம். அவன் பாட்ட நிறுத்தி வெப்போம். அத்த யாரும் எடுக்க மாட்டான். நோவு தீந்து எப்ப வரானோ அப்ப வலை கட்டிக்குவான். சோம்பேறித்தனமா ஊட்டுல தூங்கறவனுக்குத்தான் பாடு போவும். நீங்க பாதிச் சட்டத்த மட்டும் தூக்கினு வந்துட்டீங்க."

கீதாவின் முகம் கறுத்துவிட்டது.

"ரெண்டு வருசமா பக்கத்துலயே குந்திகினு கீற. ஒரு நாளாச்சும் சொன்னியா?"

"நீங்க கேக்கவே இல்லியே."

"எங்க வந்து கேக்கறது? பாட்டுக் கூட்டத்துல பொம்பளைங்கள உள்ள வுட்டிருக்கீங்களா நீங்க? வாசல்ல டீ வெச்சிட்டுப் போவச் சொல்லுவீங்க. டீ ஊத்தற நேரத்துல காதுல வுயுந்தது எதுவோ, அதான் எங்களுக்குச் சட்டம்."

தருமலிங்கம் நூலை இழுத்துப் பார்த்தார். அது நியாயம்தான் என்று முனகிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கீதா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். லோகநாயகியின் பாடு நிற்கிறது, தீனா வரலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு நடந்தாள். முதுகைப் பார்த்தால் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

பச்சையம்மாவுக்கு மூன்று நாள் ஆக்சிஜன் குழாயை எடுக்கவில்லை. லோகநாயகி தினமும் வேலை முடிந்து, குளித்து, தூக்குவாளியில் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள். செவ்வந்தி வாளியை வாங்கிக்கொள்வாள், பேசமாட்டாள். லோகநாயகி வார்டு வாசலோடு நின்று, கண்ணுக்கு எட்டின மட்டும் அந்த வயிறு ஏறி இறங்குவதை எண்ணிவிட்டுத் திரும்புவாள். செவ்வாய் ஐம்பத்தெட்டு. புதன் ஐம்பது. வியாழன் நாற்பத்து நாலு. அன்று உள்ளே பால் குடிக்கிற சத்தம் கேட்டது. லோகநாயகி படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்து, அதுவரை வராத அழுகையை ஒரேயடியாக அழுது தீர்த்தாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வந்தி வேலைக்கு வரவில்லை. அவள் பாடு நின்றது. நிற்கிற பாட்டை மற்ற நால்வரும் பங்குபோட்டுச் சுமந்தார்கள், யாரும் முனகவில்லை. பெனிட்டா ஒரு நாள் கொட்டகைக்கே வந்து ஐந்து பேருக்கும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவும் மூச்சை எண்ணவும் காட்டிக்கொடுத்தாள். அடுத்த தடவை பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியைப் பற்றிக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். தருமலிங்கம் மூட்டம் போட வேண்டாம் என்று பழைய வலையை இரட்டையாக மடித்து, கொசு நுழையாமல் தூளிக்கு மேலே கட்டினார். கொசு நுழைந்தது. அவர் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை லோகநாயகியின் முறை. மழை விட்டு, ஏரி தட்டையாகக் கிடந்தது. பாட்டுக்குப் போன படகுகளின் விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் நிழல் ஆடியது. கீதா. அவளுடைய சின்ன மகன் இடுப்பில் இல்லை. அவள் உள்ளே வரவில்லை. கொட்டகையின் விளிம்பில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்திலேயே நின்றாள்.

"சின்னவனுக்கு ராத்திரி ஜொரம்" என்றாள். இரண்டு வருடமாகப் பிறர் காரணம் சொல்லக் கேட்டுத் தலையாட்டாதவள், இப்போது சொற்களைத் தேடினாள். "மருந்து குடுத்தேன். எறங்கிடுச்சி. தொட்டா தெரியாது. ஆனா... நாளைக்கு எம் முறை. எம் பாட்ட நிறுத்தி வெய்யி லோகா."

"நிறுத்தியாச்சிக்கா" என்றாள் லோகநாயகி. "மூச்ச எண்ணினியா?"

"முப்பது."

"அவன் வயசுக்கு அது சரிதான். நாலு மணிக்கொரு வாட்டி எண்ணு. நண்டு ரசம் வெச்சிக் குடுத்தனுப்பறேன்."

கீதா தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற பழைய சேலை கட்டியிருந்தாள். தோளில் பச்சையம்மா, கொஞ்சம் இளைத்து, கண் பெரிதாகி.

ஆட்டோ ஹாரன் அடித்தது. செவ்வந்தி அசையவில்லை. தீனா பாயிலிருந்து எழுந்தான், பாப்பாவைப் பார்த்தான், ஓடிவந்து பாதியில் நின்றான். பத்து நாளாக அவன் அம்மா சொல்லிவைத்திருந்தது அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அங்கேயே நின்றான்.

"அவனுக்கு இப்ப ஒண்ணும் இல்லியே?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"இல்ல. நீயே தொட்டுப் பாரு. வாயயும் மோந்து பாரு."

செவ்வந்தி குனிந்தாள். தீனாவின் நெற்றியைப் புறங்கையால் தொட்டாள். வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கஞ்சியும் கருவாடும் மணத்தன. நிமிர்ந்து, தன் பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் லோகநாயகியின் கையில் கொடுத்தாள்.

"வெளையாடட்டும் வுடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

தீனா அம்மாவை அண்ணாந்து பார்த்தான். லோகநாயகி காலை மடித்து உட்கார்ந்தாள். அவன் மெல்லக் கிட்டே வந்து, மூக்கோடு மூக்கை வைத்து அழுத்தினான். கெக்கெக்கே என்று சத்தம் வந்தது. லோகநாயகி குழந்தையின் சட்டையை விலக்கி, வயிற்றில் கண்ணை வைத்து, எண்ண ஆரம்பித்தாள். சிரிக்கிற பிள்ளையின் மூச்சு எண்ணிக்கையில் நிற்கவில்லை. இருபதிலேயே தவறிப்போயிற்று. அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவில்லை.